ஒரு டியூபில் மட்டும் கரண்ட் ஏறுகிறது: இஎல்34 பயாஸ் வித்தியாசமா, வயதா?

மாலைவானொலி:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது ஸ்டீரியோ புஷ்-புல் டியூப் ஆம்ப் (ஒலி அலையின் இரண்டு பாதியை இரண்டு டியூப் மாறி மாறி இழுப்பது). சேனலுக்கு இரண்டு இஎல்34 பவர் டியூப், ஃபிக்ஸட் பயாஸ் (கரண்ட்டை அடக்கும் கம்பியான கிரிட்டுக்கு வெளியிலிருந்து கொடுக்கும் நெகட்டிவ் வோல்ட்டேஜ்), அதை வைக்க ஒவ்வொரு டியூபுக்கும் தனி பிரீசெட் (திருகித் திருத்தும் ரெசிஸ்டர்). கேத்தோடில் (எலக்ட்ரான் விடும் முனை) 1 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் மீட்டரில் தெரிகிற மில்லிவோல்ட்தான் மில்லியாம்ப். பிளேட்டில் (எலக்ட்ரான் போய்ச் சேரும் முனை) 430 வோல்ட்.

நான்கும் மேட்ச் செய்த (ஒரே மாதிரி கரண்ட் இழுக்கிறதா என்று அளந்து சேர்த்த) டியூப்கள். போட்ட புதிதில் எல்லாவற்றையும் 36இல் வைத்தேன். இப்போது அளந்தால் இடது சேனலில் (1, 2ஆம் டியூப்) 35, 32. வலது சேனலில் (3, 4ஆம் டியூப்) 34, 46. அந்த 46 அப்படியே நிற்பதும் இல்லை. ஒரு மணி நேரம் பாட்டு ஓடினால் 52 வரை போகிறது. அணைத்து நன்றாக ஆறவிட்டுப் போட்டால் திரும்பவும் 44, 45இல் தொடங்குகிறது. வலது ஸ்பீக்கரில் காதை வைத்தால் மெல்லிய ஹம் கேட்கிறது. முன்பு இல்லை. அறை விளக்கை அணைத்துப் பார்த்தேன், பிளேட் சிவக்கவில்லை.

பிரீசெட்டைத் திருப்பி 36க்குக் கொண்டுவந்தால் போதுமா, இல்லை நான்கையும் மாற்றிவிட வேண்டுமா?

பச்சைக்கம்பி:

4ஆம் டியூப் போய்விட்டது. இனி அதற்கு மட்டும் ஜோடி தேடுவது சிரமம். நான்கையும் புதிதாகப் போடுங்கள்.

வெற்றிடம்:

மாலைவானொலி, பிரீசெட்டைத் தயவுசெய்து இப்போது தொடாதீர்கள். டியூபும் வாங்காதீர்கள். பச்சைக்கம்பி சொன்னது தவறாக இருக்கலாம் என்று நினைக்கிறேன், காரணம் சொல்கிறேன்.

பயாஸ் மாறியிருந்தால் முதலில் கேட்க வேண்டியது எந்தப் பக்கம் மாறியது என்பது. டியூபுக்கு வயதானால் கேத்தோடு களைத்துப்போகும், எலக்ட்ரான் குறையும், கரண்ட் இறங்கும். உங்கள் 32 அப்படி இறங்கியதாக இருக்கலாம். அதில் பயப்பட எதுவும் இல்லை. கரண்ட் ஏறுகிறது, அதுவும் சூடு ஏற ஏற ஏறுகிறது என்றால் அது சாதாரண வயது இல்லை. கிரிட்டில் நீங்கள் வைத்த நெகட்டிவ் வோல்ட்டேஜ் எங்கோ குறைகிறது. ஒன்று டியூபுக்கு உள்ளே காரணம் இருக்கும்: உள்ளே வாயு சேர்ந்திருக்கலாம், அல்லது கிரிட் கம்பியே சூடாகி எலக்ட்ரான் விட ஆரம்பித்திருக்கலாம். இல்லையென்றால் வெளியே: கப்ளிங் கெப்பாசிட்டர் (முந்தைய டியூபின் சிக்னலை மட்டும் கிரிட்டுக்கு விட்டு டிசியைத் தடுப்பது) கசிவு, கிரிட் லீக் ரெசிஸ்டர் (பயாஸைக் கிரிட்டுக்குக் கொண்டுவருவது) மதிப்பு ஏறிப்போவது, சாக்கெட்டில் கிரிட்டுக்கான 5ஆம் காலின் பிடி தளர்வது.

இது தெரியாமல் பிரீசெட்டைத் திருப்பினால் இன்றைக்கு மீட்டர் 36 காட்டும். கசிவு தன்பாட்டுக்கு வளரும். ஒருநாள் பிரீசெட்டில் திருப்ப இடம் இருக்காது. அன்றைக்கு டியூபோடு ஸ்கிரீன் (பிளேட்டுக்கு முன்னால் இருக்கும் இரண்டாவது கிரிட்) ரெசிஸ்டரும் கருகும், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்கும் ஆபத்து.

ஹம் வந்ததும் இதனால்தான். பவர் சப்ளையில் மிஞ்சியிருக்கும் அலை டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டு பாதிக்கும் ஒரே சமயத்தில் போகிறது. இரண்டு டியூபும் சமமாக இழுத்தால் அந்த அலை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறையும். 34க்கு 46 என்றால் மறையாத மிச்சம் ஸ்பீக்கருக்கு வரும். இன்னொன்றும் நடக்கிறது. அந்த 12 மில்லியாம்ப் வித்தியாசம் கோரை ஒரு பக்கமாகக் காந்தமாக்கி வைக்கும். முதலில் பேஸ்தான் கெடும். டொராய்டு டிரான்ஸ்ஃபார்மர் என்றால் கோரில் இடைவெளியே கிடையாது, அது 2, 3 மில்லியாம்ப் வித்தியாசத்துக்கே முகம் சுளிக்கும்.

இப்போதைக்கு ஒரே வேலை. அணைத்து, ஆறவிட்டு, 3ஐயும் 4ஐயும் இடம் மாற்றிப் போடுங்கள். பிரீசெட் அப்படியே இருக்கட்டும். ஏறும் கரண்ட் டியூபோடு நகர்ந்தால் குற்றம் டியூபில். சாக்கெட்டிலேயே தங்கினால் ஆம்பில்.

ஓம்விதி:

நல்ல யோசனை. ஒரு எச்சரிக்கை சேர்த்துக்கொள்கிறேன். உள்ளே கை வைக்கும் முன் ஃபில்டர் கெப்பாசிட்டர் காலியாகிவிட்டதா என்று மீட்டரில் பார்த்துவிடுங்கள். அணைத்த பின்பும் அதில் ஆளைக் கொல்லும் அளவுக்குச் சார்ஜ் நிற்கலாம். ஸ்பீக்கரோ லோடோ இல்லாமல் சிக்னல் கொடுக்கவே கூடாது.

52 மில்லியாம்ப் பார்த்துப் பதற வேண்டாம். கேத்தோடில் அளக்கும்போது ஸ்கிரீன் கரண்டும் சேர்ந்துதான் வரும். அதற்கு 5 என்று கழித்தால் பிளேட்டுக்கு 47. அதை 430ஆல் பெருக்கினால் சுமார் 20 வாட். இஎல்34 பிளேட்டின் உச்சவரம்பு 25 வாட். உங்கள் டியூப் இன்னும் வரம்புக்குள்தான் இருக்கிறது.

கேத்தோடு_தாசன்:

வரம்பு பற்றிப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். 70 சதவீதம் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது என்ன கணக்கு?

ஓம்விதி:

கிளாஸ் ஏபி (மெல்லிய சத்தத்தில் இரண்டு டியூபும் சேர்ந்து, பெரிய சத்தத்தில் மாறி மாறி வேலை செய்வது) ஃபிக்ஸட் பயாஸில் சும்மா நிற்கும்போது பிளேட் வரம்பில் 70 சதவீதத்தைத் தாண்டாமல் வைப்பது வழக்கம். 25 வாட்டில் 70 சதவீதம் 17.5. அதை 430ஆல் வகுத்தால் 40 மில்லியாம்பும் கொஞ்சமும் வரும். அது மேல் எல்லை, கட்டாயம் தொட வேண்டிய இலக்கு இல்லை. 36 தாராளமாகப் போதும்.

எந்த டியூபின் வரம்பை எடுக்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும். 6எல்6 குடும்பத்தில் இந்தக் குழப்பம் அடிக்கடி வரும். 1936இல் வந்த முதல் 6எல்6க்கு 19 வாட், பின்னால் வந்த 6எல்6ஜிசிக்கு 30 வாட். பெயரில் இரண்டு எழுத்துதான் வித்தியாசம். பழைய 6எல்6ஜிபியைப் போட்டுவிட்டு 30ஐ வைத்துக் கணக்குப் போட்டால் டியூப் சீக்கிரமே தீர்ந்துவிடும்.

மாலைவானொலி:

மாற்றிப் போட்டேன். 3இல் இருந்த டியூப் இப்போது 4ஆம் சாக்கெட்டில்: 44இல் தொடங்கி ஒரு மணி நேரத்தில் 50. 4இல் இருந்த டியூப் 3ஆம் சாக்கெட்டில்: 35, அசையவே இல்லை.

அப்படியென்றால் சாக்கெட் பக்கம்தானே?

பச்சைக்கம்பி:

சாக்கெட் பக்கம்தான். எய்தவன் இருக்க அம்பை நொந்த கதை ஆகியிருக்கும். நல்லவேளை, புது டியூப் போடவில்லை. போட்டிருந்தால் அதையும் இப்படித்தான் வறுத்திருக்கும்.

வெற்றிடம்:

ஆம், டியூப் நிரபராதி. அடுத்தது அந்த வோல்ட்டேஜ் எங்கே தொலைகிறது என்று பார்க்க வேண்டும்.

நான்கு பவர் டியூபையும் கழற்றிவிடுங்கள். டிரைவர் டியூப்கள் (பவர் டியூபுக்குச் சிக்னல் கொடுப்பவை) இருக்கட்டும். ஆம்பைப் போட்டு, டிரைவர் சூடானதும், பிரீசெட்டின் நடுக்காலிலும் சாக்கெட்டின் 5ஆம் காலிலும் தரைக்கு எதிராக அளந்து சொல்லுங்கள். 3க்கும் 4க்கும் சேர்த்து. பவர் டியூப் இல்லாதபோது எச்.டி. (பிளேட்டுக்குப் போகும் உயர்) வோல்ட்டேஜ் கூடும், எனவே ஃபில்டர் கெப்பாசிட்டரின் வோல்ட்டேஜ் மதிப்பை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். 3ஆம் கால் பிளேட், 4 ஸ்கிரீன். அங்கெல்லாம் முழு வோல்ட்டேஜ் நிற்கும். மீட்டர் முனை 5இலிருந்து வழுக்கி 4ஐத் தொடாதபடி முனைக்கு உறை போட்டுவிட்டு நுனி மட்டும் தெரியும்படி வைத்தால் நல்லது. ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

மாலைவானொலி:

அளந்துவிட்டேன். கிரிட் லீக் 220 கிலோ ஓம், இரண்டையும் அணைத்துவிட்டு அளந்தேன், சரியாக இருக்கிறது.

சாக்கெட் 3: பிரீசெட்டில் −39.1, 5ஆம் காலில் −38.3.
சாக்கெட் 4: பிரீசெட்டில் −39.6, 5ஆம் காலில் −36.2. கால் மணி நேரம் விட்டுப் பார்த்தால் −35.8.

டியூபே இல்லாத 3ஆம் சாக்கெட்டிலும் 0.8 வோல்ட் குறைகிறதே, அதிலும் கசிவு இருக்கிறதா?

ஓம்விதி:

3இல் கசிவு இல்லை. அந்த 0.8 வோல்ட்டைக் குடித்தது உங்கள் மீட்டர். மீட்டரின் உள்தடை 10 மெகா ஓம். 220 கிலோ ஓம் வழியாக அதற்குக் கரண்ட் போகும்போது சுமார் 2 சதவீதம் குறைத்துக் காட்டும். 39.1க்கு 38.3 கச்சிதமாகப் பொருந்துகிறது.

அதே கணக்கில் 4இல் 38.7 வர வேண்டும். வந்தது 36.2. பாக்கி 2.5 வோல்ட். டியூப் இல்லை, அதனால் வாயு, கிரிட் எமிஷன் என்று எதையும் சொல்ல முடியாது. பாசிட்டிவ் வோல்ட்டேஜ் அந்தப் புள்ளிக்கு வர முதலில் சந்தேகிக்க வேண்டிய வழி கப்ளிங் கெப்பாசிட்டர். 2.5 வோல்ட்டை 220 கிலோ ஓமால் வகுத்தால் ஏறக்குறைய 12 மைக்ரோஆம்ப் கசிவு. கேட்க ஒன்றுமில்லாத அளவு. ஆனால் இஎல்34 அந்த இடத்தில் ஒரு வோல்ட்டுக்கு 5 மில்லியாம்ப் போல மாறும். இரண்டரை வோல்ட்டுக்கு 12, 13 மில்லியாம்ப். உங்கள் 34க்கும் 46க்கும் உள்ள இடைவெளி இதுவேதான்.

வெற்றிடம்:

சூடாக ஆக ஏறியதற்கும் விடை கிடைத்துவிட்டது. கெப்பாசிட்டரின் கசிவு வெப்பத்தோடு கூடும். அந்தக் கெப்பாசிட்டர் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். சூடான ரெசிஸ்டர் ஏதாவது ஒட்டி இருக்கிறதா?

உறுதி செய்ய இன்னொரு வழி இருக்கிறது. அணைத்து, சார்ஜ் இறக்கி, அந்தக் கெப்பாசிட்டரின் கிரிட் பக்கக் கம்பியை மட்டும் சால்டர் விட்டு எடுங்கள். ஆம்பைப் போட்டு, அந்தரத்தில் நிற்கும் அந்தக் கம்பிக்கும் தரைக்கும் நடுவே டிசி வோல்ட் அளங்கள். முதலில் மீட்டர் ஒரு துள்ளு துள்ளி இறங்கும். நிலைத்த பிறகு நல்ல கெப்பாசிட்டரில் அரை வோல்ட்கூட நிற்கக் கூடாது.

மாலைவானொலி:

77 வோல்ட் நிற்கிறது! வலது சேனலின் மற்ற கெப்பாசிட்டரில் 0.1க்கும் கீழே.

நீங்கள் சொன்னது போலவே, எச்.டி. குறைக்கும் பெரிய வாட் ரெசிஸ்டர் ஒன்றின் மேல் கிட்டத்தட்ட சாய்ந்து கிடக்கிறது. அந்தப் பக்கத்தில் மட்டும் மேலுறை பழுப்பாகி, நுனியில் மெல்லிய விரிசல். எதிர்ப்பக்கம் புதிதுபோல மஞ்சளாகவே இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

பச்சைக்கம்பி:

மாற்றும்போது நான்கு கப்ளிங் கெப்பாசிட்டரையும் ஒரே நாளில் மாற்றிவிடுங்கள். 630 வோல்ட் பாலிப்ராப்பிலீன் போதும். ரெசிஸ்டரை விட்டுத் தள்ளி உட்காரவையுங்கள்.

கேத்தோடு_தாசன்:

இத்தனை பாடு எதற்கு? கேத்தோடு பயாஸ் (கேத்தோடு ரெசிஸ்டரில் விழும் வோல்ட்டேஜே பயாஸாக நிற்பது) ஆம்பாக இருந்திருந்தால் இந்தத் தொல்லையே வந்திருக்காது. டியூப் தானே தன்னைச் சரிசெய்துகொள்ளும்.

வெற்றிடம்:

தாசன், கேத்தோடு பயாஸ் எனக்கும் பிடிக்கும். ஆனால் இந்த விஷயத்தில் அது நோயை மறைக்கும், தீர்க்காது. கிரிட்டில் கசிவு வந்து கரண்ட் ஏறினால் கேத்தோடு ரெசிஸ்டரில் வோல்ட்டேஜும் ஏறி, ஏற்றத்தில் ஒரு பகுதியை இழுத்துப் பிடிக்கும். கசிவு அப்படியே இருக்கும். நீங்கள் அளக்கவே மாட்டீர்கள், ஏனென்றால் அளக்க வேண்டாம் என்று சொல்லித்தான் அந்த ஆம்பை விற்கிறார்கள்.

அதிலும் இரண்டு டியூபுக்கும் சேர்த்து ஒரே கேத்தோடு ரெசிஸ்டர் என்றால் இன்னும் மோசம். வலுவான டியூப் அதிகம் இழுக்க இழுக்க, அந்த வோல்ட்டேஜ் பலவீனமான டியூபையும் சேர்த்து அடக்கும். மொத்தக் கரண்ட் சரியாகத் தெரியும், பங்கு மட்டும் கோணலாக இருக்கும். தனித்தனி ரெசிஸ்டர், தனித்தனி பைபாஸ் கெப்பாசிட்டர் என்றால் ஒப்புக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் உண்மை. உள்ளே கொஞ்சம் வாயு சேர்ந்த டியூப் கேத்தோடு பயாஸில் பிழைத்துக்கொள்ளும், ஃபிக்ஸட் பயாஸில் ஓடிப்போகும். 6எல்6ஜிசிக்கு கிரிட் லீக் ஃபிக்ஸட் பயாஸில் 100 கிலோ ஓமுக்கு மேல் கூடாது, கேத்தோடு பயாஸில் 500 கிலோ ஓம் வரை போகலாம் என்று டேட்டா ஷீட்டில் போட்டிருப்பது அதனால்தான். கிரிட்டிலிருந்து வரும் அந்தச் சின்னக் கரண்ட்டுக்கு எவ்வளவு பெரிய ரெசிஸ்டர் வைக்கிறோமோ அவ்வளவு பயாஸ் காணாமல் போகும்.

ஓம்விதி:

அளப்பது பற்றி ஒன்று. 1 ஓம் ரெசிஸ்டர் இல்லாதவர்கள் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டு பாதியிலும் விழும் வோல்ட்டேஜை ஒப்பிட்டு “சமமில்லை” என்று பதறுவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பாதியின் டிசி தடையும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. வெளியே சுற்றிய சுருளுக்குக் கம்பி நீளம் அதிகம். ஒன்று 95 ஓம், மற்றது 110 ஓம் என்று வரும். அணைத்துவிட்டுத் தடையை அளந்து, வோல்ட்டை அதனதன் ஓமால் வகுத்த பிறகுதான் ஒப்பிட வேண்டும்.

அரைகுறைச்சூடு:

இழையைத் தொடக்கத்திலிருந்து படித்தேன். எனக்கு வேறு கேள்வி. டியூப் வயதாகிறது என்கிறீர்கள், உள்ளே உண்மையில் என்ன நடக்கிறது? நான் ஆம்பைத் தேய்மானம் ஆகாமல் இருக்க நாள் முழுக்க ஸ்டாண்ட்பையில் வைத்திருக்கிறேன். அது நல்லதா?

வெற்றிடம்:

நல்லதில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், எனக்குப் பிடித்த பகுதி இது.

கேத்தோடு என்பது ஒரு நிக்கல் குழல், அதன் மேல் பேரியம், ஸ்ட்ரான்சியம் ஆக்ஸைடு பூச்சு. உள்ளே ஹீட்டர். எலக்ட்ரானை எளிதாக விட வைப்பது அந்தப் பூச்சில் இருக்கும் கொஞ்சம் தனி பேரியம். ஓடும்போது அது ஆவியாகிக்கொண்டே இருக்கும், பூச்சுக்குள்ளிருந்து புதிதாக ஊறியும் வரும். ஊறுவது குறைந்தால் எமிஷன் குறையும். ஆவியான பேரியம் எங்கே போகிறது? பக்கத்தில் இருக்கும் கிரிட் கம்பியில் படிகிறது. கிரிட் சூடானால் அந்தப் பேரியம் அங்கிருந்தும் எலக்ட்ரான் விடும், கிரிட் பாசிட்டிவ் பக்கம் நகரும். சில டியூப்களில் கிரிட்டுக்குத் தங்க முலாம் போடுவது இதைத் தடுக்கத்தான், அழகுக்கு இல்லை.

ஸ்டாண்ட்பைக்கு வருவோம். ஹீட்டர் சூடாக இருந்து கரண்ட் ஓடாமல் நெடுநேரம் கிடந்தால், நிக்கலில் இருக்கும் சிலிக்கனும் பூச்சும் சேர்ந்து நடுவில் ஒரு தடை அடுக்கு உருவாகும். 1940களின் இறுதியில் எம்ஐடியில் வேர்ல்விண்ட் கணினியைக் கட்டியவர்கள் இதில்தான் மாட்டினார்கள். கணினியில் பல டியூப்கள் நெடுநேரம் கரண்ட் இல்லாமல் கட்-ஆஃபில் நிற்கும், பிறகு கூப்பிட்டால் வேலை செய்யாது. சிலிக்கன் குறைந்த நிக்கலுக்கு மாறிய பிறகுதான் டியூப்களின் ஆயுள் பல மடங்கு கூடியது. எனவே கேட்கும்போது போடுங்கள், கேட்காதபோது அணைத்துவிடுங்கள். நடுவில் நாள் முழுக்கத் தொங்கவிட வேண்டாம்.

உச்சியில் தெரியும் வெள்ளி மினுமினுப்பு கெட்டர். அதுவும் பேரியம்தான், மிச்ச வாயுவை உறிஞ்சிக்கொள்ளும். ஓரங்கள் பழுப்பாகி மெலிந்தால் டியூப் நிறைய உழைத்திருக்கிறது என்று பொருள். பால் வெள்ளையாகிவிட்டால் காற்று உள்ளே போய்விட்டது, அந்த டியூபை ஆம்பில் செருகவே கூடாது. கண்ணாடிச் சுவரில் ஒட்டித் தெரியும் நீல ஒளியைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம், அது நல்ல டியூபிலும் வரும். பிளேட்டுக்கும் கேத்தோடுக்கும் நடுவே இளஞ்சிவப்பாக, ஊதாவாகப் புகைபோல நின்றால்தான் வாயு.

மாலைவானொலி:

நான்கு கெப்பாசிட்டரும் மாற்றி, ரெசிஸ்டரை விட்டு விலக்கி வைத்தேன். டியூப்களை அதனதன் பழைய இடத்திலேயே போட்டு வலது பக்கம் 36, 36 என்று வைத்தேன். இரண்டு மணி நேரம் கழித்து 36, 35. ஹம் போய்விட்டது. எல்லோருக்கும் மிக்க நன்றி.

மிச்சம் இடது பக்கத்து 32. பிரீசெட்டைத் திருப்பினால் அதுவும் 36க்கு வந்துவிட்டது. அவ்வளவுதானே?

வெற்றிடம்:

இல்லை, இங்கேதான் பலரும் நிறுத்திவிடுகிறார்கள். சும்மா நிற்கும்போது இரண்டும் 36 என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. பயாஸைக் குறைத்துக் களைத்த டியூபிலும் 36 வாங்கலாம். சத்தம் கூட்டி 200 மில்லியாம்ப் உச்சம் கேட்கும்போது அதனிடம் கொடுக்க இருக்காது. அலையின் ஒரு பாதி முழுதாகவும் மறு பாதி மழுங்கியும் வரும்.

ஸ்பீக்கருக்குப் பதில் 8 ஓம் பெரிய வாட் ரெசிஸ்டர் போடுங்கள். 1 கிலோஹெர்ட்ஸ் சைன் கொடுத்து, ஸ்கோப்பில் அலை வெட்டுப்படத் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்தி, நான்கு கேத்தோடு ரெசிஸ்டரையும் படியுங்கள். கிளாஸ் ஏபியில் சராசரி கரண்ட் ஏறும். குறைவாக ஏறுவதுதான் களைத்த டியூப். சில நொடிகளில் படித்துவிட்டு நிறுத்திவிடுங்கள், முழு பவரில் நீண்ட நேரம் விட வேண்டாம்.

மாலைவானொலி:

1: 92
2: 79
3: 81
4: 91

நான் தூக்கிப்போட நினைத்த 4 இங்கே முதல் வரிசையில் நிற்கிறது!

ஓம்விதி:

அருமையான அளவீடு. இப்போது ஜோடியை மாற்றுங்கள். 1ஐயும் 4ஐயும் ஒரு சேனலில், 2ஐயும் 3ஐயும் இன்னொரு சேனலில். பிறகு நான்கையும் மறுபடி 36க்கு வைத்து, அரை மணி நேரம் கழித்து ஒருமுறை திருத்துங்கள். புஷ்-புல்லில் ஒரே டிரான்ஸ்ஃபார்மரைப் பிடித்திருக்கும் இருவர் சமமாக இருப்பதுதான் முக்கியம். சேனலுக்குச் சேனல் சில வாட் வித்தியாசம் காதுக்குத் தெரியாது.

பச்சைக்கம்பி:

மேட்ச் செய்த நான்கு எப்படி இப்படிப் பிரிந்தது?

ஓம்விதி:

மேட்ச் செய்யும்போது ஒரே ஒரு பிளேட் வோல்ட்டேஜ், ஒரே ஒரு கிரிட் வோல்ட்டேஜில் நிற்கும் கரண்ட்டைத்தான் பலரும் பார்க்கிறார்கள். அந்தப் புள்ளியில் ஒன்றாக இருந்தவை வேறு புள்ளியில் பிரியும். அதோடு நன்றாக ஓடவிட்டுச் சூடுபடுத்தாமல் அளந்தால் முதல் சில வாரங்களிலேயே கலைந்துவிடும். டியூப் வாங்கும்போது நிற்கும் கரண்ட்டோடு டிரான்ஸ்கண்டக்டன்ஸும் (கிரிட்டில் ஒரு வோல்ட் மாறினால் கரண்ட் எவ்வளவு மாறும் என்பது) எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

மாலைவானொலி:

ஜோடி மாற்றியாயிற்று. 1, 4 ஜோடி முழு பவரில் 91, 91. 2, 3 ஜோடி 80, 80. அலை இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மழுங்குகிறது. 2, 3ஐ எதுவரை வைத்திருக்கலாம்?

வெற்றிடம்:

ஒவ்வொரு டியூபுக்கும் இரண்டு எண்ணை ஒரு சின்ன நோட்டில் தேதியோடு எழுதிவையுங்கள்: 36 வாங்க 5ஆம் காலில் எத்தனை வோல்ட் வைக்க வேண்டியிருந்தது, முழு பவரில் எவ்வளவு வந்தது. வீட்டு மின்சார வோல்ட்டேஜையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள், அது ஏறினால் எல்லா எண்ணும் ஏறும். 36 வாங்க வோல்ட்டைக் குறைத்துக்கொண்டே போக வேண்டியிருந்து, முழு பவரில் 70க்கும் கீழே இறங்கினால் அந்த ஜோடியை மட்டும் மாற்றுங்கள். 1, 4 ஜோடியைத் தொட வேண்டாம்.